அட்டை ஏணியும் பேசும் திரையும்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் கொண்டுவந்த அட்டைகளையும், தான்சானியாவின் டாங்கா பகுதியில் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தரப்பட்ட டேப்லெட்டுகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது முதற்பார்வைக்குப் பொருந்தாததாகவே தோன்றும். அட்டைக்கு மின்சாரம் வேண்டாம். டேப்லெட்டோ சூரிய ஒளியில் சார்ஜ் ஏறினால்தான் கண் விழிக்கும். அட்டை, சுற்றறிக்கைகளோடும் ஆசிரியர் பயிற்சிகளோடும் வந்த அரசுத் திட்டம். டேப்லெட், ஒன்றரைக் கோடி டாலர் பரிசுத்தொகை கொண்ட உலகப் போட்டியின் விளைவு. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துச் சற்று நேரம் பார்த்தால், ஒரே கேள்விக்கு இருவேறு கைகள் எழுதிய விடைகளாக அவை தெரியத் தொடங்குகின்றன. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் முப்பது வேகத்தில் கற்கும்போது பாடம் யாருடைய வேகத்தில் நடப்பது?

பிறப்பிலேயே ஒற்றுமை இருக்கிறது. அட்டையின் வேர் கோலார் மாவட்டத்தில் டேவிட் ஹார்ஸ்பர்க் நடத்திய நீல்பாக் பள்ளி வரை போகிறது. அங்கிருந்து அது ரிஷிவேலிக்கு வந்து, மதனப்பள்ளியைச் சுற்றியிருந்த ஓராசிரியர் பள்ளிகளில் உருப்பெற்றது. ஒரே அறையில் பல வகுப்புகள், ஒரே ஆசிரியர் என்ற நெருக்கடிதான் அதன் தாய். டேப்லெட்டின் தொடக்கமும் ஆசிரியர் பற்றாக்குறைதான். அங்கே நெருக்கடி இன்னும் கடுமை. 'குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ்' போட்டிக்காக 170 கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறக்குறைய 3,000 பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபத்து நான்கு பேர் பள்ளிக்கே போனதில்லை என்றார்கள். சுவாஹிலி மொழியில் ஒரு சொல்லைக்கூடப் படிக்கத் தெரியாதவர்கள் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல்.

பரவிய விதத்தில் இரண்டும் பிரிகின்றன. அட்டை அதிகாரியின் மேசை வழியாக வந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கிவைத்தார். 2007-08-க்குள் அது மாநிலம் முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போய்விட்டது. டேப்லெட் ஆய்வகத்திலிருந்து வந்தது. பதினைந்து மாதக் களச் சோதனைக்குப் பிறகு 2019-இல் 'கிட்கிட் ஸ்கூல்', 'ஒன்பில்லியன்' ஆகிய இரு குழுக்கள் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டன. இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்தில் ஒன்றான 'சிம்பிள்' பெங்களூருவைச் சேர்ந்தது என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம். ஐந்து குழுக்களின் மென்பொருளும் யாரும் எடுத்தாளும்படி திறந்துவிடப்பட்டது.

இனி உள்ளே போவோம். செயல்வழிக் கற்றல் வகுப்பில் ஒரு சிறுமி சுவரில் இருக்கும் கற்றல் ஏணியைப் பார்க்கிறாள். நேற்று எந்தச் சின்னத்தில் நின்றோம் என்று விரலால் தேடுகிறாள். அடுத்த சின்னமும் எண்ணும் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறாள். எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதையும் அந்தச் சின்னமே சொல்லிவிடும்: ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, சக மாணவர் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு. பாயில் அமர்ந்து படித்துவிட்டு, தன் உயரத்துக்கு அமைந்த கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கிறாள். டாங்காவில் ஒரு சிறுவன் திரையைத் தொடுகிறான். அவன் விட்ட இடம் திரைக்கே தெரியும். ஒரு குரல் ஓர் அசையைச் சொல்கிறது. அவன் விரலால் தொட்டு விடை தருகிறான். பிழையென்றால் அதே அசை மீண்டும் ஒலிக்கிறது. அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, தவறினால் குறைதீர் கற்றல், தேறினால் அடுத்த படி. இந்த வரிசை இரண்டுக்கும் பொது. மூன்று நாள் காய்ச்சலில் படுத்து எழுந்த பிள்ளை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்பதும் பொது. தேர்வு என்று தனியாக ஒரு நாள் வந்து அச்சுறுத்துவதில்லை என்பதும் பொது. கணினி உலகம் பெருமையோடு பேசும் 'அவரவர்க்கேற்ற கற்றல்' பெருமளவுக்கு அட்டைகளாலும் ஒரு சுவர்ப்படத்தாலும் இயன்றிருக்கிறது என்பதே இந்த ஒப்பீடு தரும் முதல் வியப்பு.

இரண்டும் வாங்கிய குறைகூட ஒன்றுதான். பிள்ளை பாயில் உட்கார்ந்து அட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கிறதே, வீட்டுப்பாடம் இல்லையே, படிப்பு எங்கே என்று இங்கே பெற்றோர் கேட்டார்கள். பிள்ளை திரையில் விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்ற கேள்வி டேப்லெட்டை எங்கு கொடுத்தாலும் எழுகிறது. கற்பது களிப்பாக இருந்தால் அதைக் கற்றல் என்று ஏற்க நம் மனம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குக் காகிதம், கண்ணாடி என்ற வேறுபாடு இல்லை.

வேறுபாடுகளில் முதன்மையானது ஒலி. அட்டை ஊமை. எழுத்தைக் காட்டும், படத்தைக் காட்டும். 'ழ' எப்படி ஒலிக்கும் என்று அதனால் சொல்ல முடியாது. எழுத்துக்கும் ஒலிக்கும் முடிச்சுப் போடும் அந்த முதல் கணத்துக்கு ஆசிரியரோ ஏற்கெனவே தேறிய தோழியோ அருகில் வேண்டும். நாற்பது பேர் இருக்கும் அறையில் ஆசிரியர் குரலுக்காகக் காத்திருக்கும் நேரமே சில பிள்ளைகளுக்குப் பாதி நாளாகிவிடும். டேப்லெட்டின் பெரும்பலம் இங்கேதான். ஒரே ஒலியை ஐம்பது முறை கேட்டாலும் அது சலிக்காது, முகம் சுளிக்காது. பதினைந்து மாதங்களில் ஒரு சொல்லும் படிக்கத் தெரியாதவர்களின் பங்கு பாதியாகக் குறைந்ததென்றால், அதில் அந்தக் குரலுக்கு உரிய இடம் பெரிது என்றே நான் கருதுகிறேன்.

அட்டையின் பலம் அதன் ஊமைத்தனத்திலிருந்தே பிறக்கிறது. தானே சொல்ல முடியாததால் அது பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையிடம் அனுப்புகிறது. சக மாணவர் குழு என்று தனியே ஓர் இடம் ஏணியிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. நேற்று கற்றவள் இன்று கற்பிக்கிறாள், கற்பிக்கும்போது தனக்கும் ஒருமுறை உறுதி செய்துகொள்கிறாள். டேப்லெட் ஒருவர் கைக்கு அளவெடுத்த பொருள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு பார்க்கலாம். ஆனால் அடுத்த பிள்ளையிடம் கேள் என்று அது சொல்வதில்லை.

வழி கண்ணுக்குத் தெரிவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. அதற்குப் போதிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். சுவரில் உள்ள ஏணியில் பிள்ளை தான் கடந்ததையும் கடக்கப்போவதையும் ஒருசேரக் காண்கிறாள். மைல்கற்கள் எத்தனை பாக்கி என்று எண்ணுகிறாள். தன் படிப்பைப் பற்றித் தானே பேசும் ஆற்றல் ஆறு வயதிலேயே வந்துவிடுகிறது. மென்பொருளில் வழி உள்ளே மறைந்திருக்கிறது. அடுத்த பாடம் வரும், அது ஏன் வந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். திரை ஒவ்வொரு தொடுகையையும் நினைவில் வைக்கும். எந்த இடத்தில் எத்தனை பேர் தடுமாறினார்கள் என்று அதை உருவாக்கியவர்கள் கண்டு பாடத்தையே திருத்தலாம். அட்டைக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. கூர்ந்து பார்க்கும் ஆசிரியருக்கு மட்டும் ஒன்று தென்படும்: தட்டில் உள்ள அட்டைகளில் எதன் முனை மழுங்கி, மேலுறை கிழிந்து கிடக்கிறதோ, அதில்தான் பிள்ளைகள் நெடுநேரம் நிற்கிறார்கள்.

இரண்டும் நலிவதும் பராமரிப்பில்தான். ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி இல்லை. மாற்று அட்டை வரும்வரை ஆசிரியர் தாமே எழுதிச் சமாளிக்க வேண்டும். ஒரு சார்ஜர் பழுதானால் பல பிள்ளைகளின் பாடம் நிற்கிறது. ஆசிரியர் இல்லாமலே கற்க முடியுமா என்று சோதிக்கப் புறப்பட்ட அந்தத் திட்டத்திலும் டேப்லெட்டுகளை வாங்கி வைத்து, சார்ஜ் ஏற்றித் தர ஊருக்கு ஒரு பெண் தேவைப்பட்டார். 'மாமா' என்று, அதாவது சுவாஹிலியில் அம்மா என்று, பிள்ளைகள் அழைத்தது அவரைத்தான். பாடம் சொல்வது அவர் வேலையாக இருக்கவில்லை. ஆனாலும் அவர் இல்லாமல் பாடம் இல்லை.

இவ்வளவு நெருங்கிய உறவை உணர்ந்த பிறகு இன்றைய நம் பள்ளிகளைப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. தமிழ்நாட்டில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டுகள் என அறிவிப்புகள் வந்து நடைமுறைக்கும் வந்தன. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் சுவரில் பொருத்திய பெரிய திரை இந்த இரண்டில் எதற்கும் உறவில்லை. அதன் முன்னோர் கரும்பலகை. அழகான படம், தெளிவான ஒலி, ஆனால் முப்பது பேருக்கும் ஒரே வேகம். அதே பள்ளியில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டமோ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. ஒரே கூரையின் கீழ் ஒரு கருவி சேர்த்து நடத்துகிறது, ஒரு முறை பிரித்து நடத்துகிறது. ஆசிரியரின் டேப்லெட்டோ பெரும்பாலும் மதிப்பீட்டைப் பதிவேற்றும் வேலையில் இருக்கிறது.

அட்டைக்கு இல்லாதது குரல். திரைக்கு இல்லாதது பக்கத்துப் பிள்ளை. 2018-இல் தொடங்கிய புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சாகி வந்ததால், காகிதத்தைப் பேசவைக்கும் வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆனால் அது பெரியவர்களின் கைப்பேசிக்குள் நின்றுவிட்டது. ஆசிரியர் மலர் குழுவோடு இருக்கும் அந்த இருபது நிமிடத்துக்கு அவருடைய டேப்லெட் அரும்பு குழுவின் பாய்க்குப் போகட்டும். நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஓர் எழுத்தின் ஒலியைக் கேட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிப் பார்த்து, கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதட்டும். இதற்குப் புதிதாக ஒரு பொருளும் வாங்க வேண்டியதில்லை. பதிவேற்றும் வேலையைப் பள்ளி முடிந்த பிறகு வைத்துக்கொள்ள அனுமதி மட்டும் வேண்டும்.