ஒரு கட்டையும் 60-ஆம் எண்ணும்

கர்நாடக இசை பாடுவோரிடம் சுருதி என்னவென்று கேட்டால், "ஒரு கட்டை", "ஐந்தரைக் கட்டை" என்று விடை வரும். இங்குக் கட்டை என்பது ஆர்மோனியத்தின் விசை. வெள்ளை விசைகள் முழு எண். கறுப்பு விசைகள் அரை. ஐரோப்பிய விசைப்பலகை இவ்வாறு தமிழ் வழக்கில் அளவுகோலாக நுழைந்துவிட்டது. ஆயினும் நாடக மேடையை ஆண்ட ஆர்மோனியத்தால் கர்நாடகக் கச்சேரி மேடையில் வேரூன்ற இயலவில்லை. காரணம் கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைவது. விசையோ ஓரிடத்தில் நின்றே ஒலிக்கும். (வயலினும் ஐரோப்பாவிலிருந்தே வந்தது. அதில் மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கிச் செல்லலாம். ஆகவே அது தங்கிவிட்டது.) 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தபோதும் இந்த வாதமே முன்நின்றது. அத்தடை 1971-இல்தான் ஓரளவு தளர்ந்தது.

இந்தச் சிக்கலை ஒரே நகரில் இருபுறமும் காண வாய்த்த இடம் பெங்களூரு. ரிச்சர்ட்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் ஆகியவை பழைய கன்டோன்மென்ட்டின் பகுதிகள். 1949-இல்தான் கன்டோன்மென்ட்டும் நகரமும் ஒரே மாநகராட்சியாயின. தமிழரும் ஆங்கிலோ-இந்தியரும் கலந்து வாழ்ந்த அப்பகுதிகளில் தேவாலய ஆர்கனும் பியானோவும் அன்றாட ஒலிகள். சில கிலோமீட்டர் தெற்கே, பசவனகுடியில், தம்புரா.

தம்புராவை இயந்திரமாக்கியதும் பெங்களூருதான். புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுத் தம்புரா 1979-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் ஆண்டு மாநாட்டில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஆர்மோனியம் எதிர்கொண்ட தடை இதற்கு இல்லை. பஞ்சமம், இரு சாரணி, மந்தரம் என நான்கு தந்திகள் முடிவின்றிச் சுழல்வதே தம்புரா. இன்றைய மொழியில் சொன்னால், அது ஒரு லூப். திரும்பத் திரும்ப வருவதை இயந்திரத்திடம் விடலாம், அசைவதை விடலாகாது என்னும் எழுதப்படாத உடன்பாடு அப்போதே உருவாகிவிட்டது.

நான்கு ஆண்டுகளில் மிடி வந்தது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் கண்காட்சியில் இரு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள், புராஃபெட்-600-உம் ஜூப்பிட்டர்-6-உம், ஒரு கம்பியால் பேசிக்கொண்டன. மிடி ஒலியை அனுப்புவதில்லை; எந்த விசை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதை மட்டும் எண்களாக அனுப்புகிறது. மொத்தம் 128 சுர எண்கள். நடுமண்டலத்தின் ஒரு கட்டை 60; ஒன்றரைக் கட்டை 61. இரண்டுக்கும் இடையில் எண் இல்லை. எழுத்துமுறை பேச்சின் தொடர்ச்சியைத் துண்டாக்குவதைப் போன்றதே இதுவும். ஆர்மோனியப் பலகையின் இலக்கணம் இவ்வாறு மென்பொருளின் அடித்தளமாயிற்று.

இடைவெளியை நிரப்பப் பிட்ச் பெண்ட் என்னும் தனிச்செய்தி உண்டு: 16,384 படிகள், வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வரை. நுண்மைக்குக் குறைவில்லை, குறை வேறிடத்தில். அச்செய்தி ஒரு சுரத்துக்கன்று, சேனல் முழுவதற்கும் உரியது. சட்ஜமும் பஞ்சமமும் ஒலிக்கும் சேனலிலேயே காந்தாரத்தை அசைத்தால் மூன்றும் சேர்ந்து அசையும், சுருதியே ஆடிப்போகும்.

எனவே 25 விசைக் கன்ட்ரோலரும் லேப்டாப்பும் கொண்டு நேரடியாக லூப் அடுக்கிப் பாடுபவர், சுருதியைத் தனிச் சேனலில் சுழலவிடுகிறார். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை நான்கு நான்காக இரண்டு பார்களில் அடைக்கிறார். கமகத்தை மைக்கில் பாடுகிறார். காலப்பிரமாணம் பிசகாதிருப்பதைப் போற்றும் மரபுக்கு மாறாத வேகமுள்ள லூப் அந்நியமன்று. மிஸ்ர சாப்புக்கு மட்டும் பாரின் அளவை ஏழாக மாற்றியாக வேண்டும். மென்பொருளின் இயல்பு எண் நான்கு. இதைப் புதுமை என்பதைவிட 1979-இன் உடன்பாடு மறுபடி கையெழுத்தானது என்பதே பொருந்தும்.

2018-இல் ஏற்கப்பட்ட எம்பிஇ முறை ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தருகிறது; விரல் அசைந்தால் அந்தச் சுரம் மட்டும் அசையும். ஆனால் மாணவர்கள் வாங்கக்கூடிய சிறு கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றின் விசைகளுக்கு அழுத்தும் வேகம் தெரியும். பக்கவாட்டில் விரல் அசைவது தெரியாது.