காருக்கு ஜிபிஎஸ் கருவி வாங்குமுன்: வரைபடம் எதில் இருக்கிறது?

சபரிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரர்கள் காருக்கு ஸ்டீரியோ மாட்டும்போது வழிகாட்டும் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்தே மாட்டிவிடுகிறார்கள். திருவரங்குளத்திலிருந்து கிளம்பினால் ஒரு பக்கம் திருச்சி விமான நிலையம், இன்னொரு பக்கம் ஆலங்குடியைத் தாண்டி பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், தெற்கே அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம், தொண்டி என்று நமக்கு உறவுகள் பரவிக் கிடக்கின்றன. ஆனால் கடைக்காரர் "உள் மெமரியா, கார்டா, எத்தனை ஜிபி?" என்று கேட்கும்போது பலர் விழிக்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நமக்கு வரைபடம் அனுப்புவதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் மட்டுமே அனுப்புகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் கருவி நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. சாலை, பாலம், ஊர்ப்பெயர் எல்லாம் கருவிக்குள் அல்லது நம் போனில் சேமித்து வைத்த வரைபடத்திலிருந்து வருகின்றன, இல்லையென்றால் அப்போதைக்கப்போது நெட் வழியாக வருகின்றன. நெட் இல்லாத இடத்தில் கருவி கைவிடுமா என்பது அந்தச் சேமிப்பைப் பொறுத்தது.

இதை நாம் நஷ்டப்பட்டுத்தான் கற்றோம். நம் காரில் இருந்த கருவிக்கு வரைபடம் எஸ்டி கார்டில் இருந்தது. பயான் பதிவுகளை ஏற்றலாம் என்று அந்தக் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகினோம். "ஃபார்மேட் செய்யவா?" என்று அது கேட்டது, யோசிக்காமல் சம்மதித்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து மணமேல்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நெருங்கிய உறவினர் வஃபாத்தாகிவிட்டார், லுஹருக்குப் பின் ஜனாஸா என்று செய்தி வந்தது. பாதி வழியில் திரையைத் தொட்டால் "கார்டு இல்லை" என்கிறது. போனில் சிக்னல் இல்லை. தவறான கிளைச் சாலையில் போய்த் திரும்பி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது கப்ருஸ்தானிலிருந்து மக்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஜனாஸா தொழுகை தவறிவிட்டது. கருவியின் மீது குற்றமில்லை, அவசரம் நம்முடையது.

சேமிப்பு வகைகளுக்கு வருவோம். 1981இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் காருக்கான வழிகாட்டும் கருவியைக் கொண்டுவந்தபோது வரைபடம் ஒளிபுகும் தாளில் இருந்தது. ஓட்டுநர்தான் தாளை மாற்ற வேண்டும்! பிறகு சிடி, டிவிடி, ஹார்ட் டிஸ்க் என்று வந்தன. பழைய காரில் டிவிடி வகை இருந்தால் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும், லென்ஸில் புழுதி படிந்தால் படிக்காது. புது வரைபடத் தட்டு கிடைப்பதும் அரிது.

ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளம். ஆனால் சுழலும் தட்டின் மேல் மயிரிழை இடைவெளியில் நகரும் ஊசியைக் கொண்டது அது. காருக்கென்று செய்தவை அதிர்ச்சியையும் சூட்டையும் ஓரளவு தாங்கும். சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் 60 டிகிரி வரைக்குமே உத்தரவாதம் உள்ளது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். ஆகவே பழுதான டிஸ்க்குக்குப் பதில் மெக்கானிக் லேப்டாப் டிஸ்க் மாட்டித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்று கடைகளில் இருப்பவை பெரும்பாலும் ஃபிளாஷ் மெமரி. அசையும் பாகம் இல்லாததால் குலுக்கலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வரைபடம் கருவியின் உள் மெமரியிலேயே இருந்தால் கழன்று தொலையாது, நம்மைப் போல் அழித்துவிடவும் வாய்ப்புக் குறைவு. கார்டு என்றால் கெட்டுப்போனாலும் மாற்றலாம் என்பது லாபம். ஆனால் சில கார் கம்பெனிகளின் வரைபடம் அந்தக் குறிப்பிட்ட கார்டின் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். நகலெடுத்தால் ஓடாது, தொலைந்தால் புதிதாக விலைகொடுத்தே வாங்க வேண்டும். (பூட்டை உடைத்து நகலெடுத்துத் தருபவர்களும் உண்டு. அது பிறர் உரிமை, நமக்கு வேண்டாம்.) கழற்றியதும் பெரிய எஸ்டி கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளிவிடுங்கள். நாம் செய்த தவறு உங்களுக்கு நேராது.

வரைபடக் கார்டையே டேஷ்கேமுக்கும் போடாதீர்கள். ஃபிளாஷ் மெமரி படிப்பதால் அல்ல, எழுதி அழிப்பதால்தான் தேய்கிறது. கேமரா இடைவிடாமல் எழுதும். மலிவாகக் கிடைக்கும் 128 ஜிபி கார்டுகளில் போலிகளும் உண்டு. உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருந்தாலும் கார்டு 128 என்றே காட்டும். வாங்கியதும் முழு அளவுக்குக் கோப்புகளை ஏற்றித் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் "2 ஜிபி, 32 ஜிபி" என்று போட்டிருப்பதில் முதலாவது ராம். அது வரைபடம் சேமிக்கும் இடமல்ல, குறைந்தால் திரை திணறும். 32 ஜிபியிலும் ஒரு பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும், மீதி நம் பகுதி வரைபடத்துக்குத் தாராளம். ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வழியாக போனை இணைப்பவராக இருந்தால் ஸ்டீரியோவின் ஜிபியைப் பார்க்கவே வேண்டாம். வரைபடம் போனில் இருக்கிறது, காரில் தெரிவது அதன் காட்சிதான். கூகுள் மேப்ஸில் பகுதியைத் தேர்ந்து வீட்டு வைஃபையில் ஆஃப்லைனாக இறக்கிக்கொள்ளலாம். அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகும். நம் பார்வையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும். போனுக்கு ஒரு ஸ்டாண்டு மட்டும் வாங்குங்கள். 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டும்போது கைக்கருவியை வழி பார்க்க மட்டுமே, அதுவும் கவனம் சிதறாதபடி, அனுமதிக்கிறது.

துபாயில் மலிவு என்று கருவி வாங்கி வருபவர்கள் இந்திய வரைபடம் அதில் உள்ளதா, ஏற்ற முடியுமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். வளைகுடா வரைபடத்தை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? இலங்கைச் சகோதரர்களுக்கு இது பழகிய தொல்லை. ஜப்பானிலிருந்து இறங்கும் ரீகண்டிஷன் கார்களில் ஜப்பான் வரைபடம் இருக்கும். டொயோட்டாவின் சில மாடல்களில் கார்டு காணாமல் போயிருந்தால், பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் ஸ்டீரியோ மொத்தமும் பூட்டிக்கொண்டு கார்டைக் கேட்கும். பழைய கார் வாங்கும்போது கார்டு இருக்கிறதா என்று பார்த்தே பணம் கொடுங்கள்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நெட்டை அணைத்துவிட்டு உங்கள் ஊரைத் தேடச் சொல்லுங்கள். திருவரங்குளத்தை ஆங்கிலத்தில் ஒருவர் 'கே' போட்டு எழுதுகிறார், இன்னொருவர் 'ஜி' போடுகிறார். இரண்டையும் அடித்துப் பாருங்கள். ஏர்வாடி என்று அடித்தால் இராமநாதபுரம் மாவட்டத்திலும் ஒன்று, திருநெல்வேலி மாவட்டத்திலும் ஒன்று. மாவட்டத்தையும் சேர்த்துக் காட்டுகிற கருவியாகப் பார்த்து எடுங்கள்.