நிரலகப் பாதைப் பிழை

நிரலகப் பாதைப் பிழை: ஒரு நிரல் தனக்குத் தேவையான துணைக்கோப்பைக் கண்டடைய முடியாமல், தொடங்கும்போதே நின்றுவிடும் கோளாறு. அந்தக் கோப்பு கணினியில் இல்லாமல் இருக்கலாம்; இருந்தும் நிரல் தேடும் இடத்தில் இல்லாமல் இருக்கலாம்; கிடைத்த கோப்பு நிரலுக்குப் பொருந்தாமல் போகலாம். மூன்றில் எது என்று அறிவதே திருத்தத்தின் பெரும்பகுதி. நிரலே கெட்டுவிட்டது போலத் தோன்றினாலும், பழுது பெரும்பாலும் தேடும் வழியில்தான் இருக்கும்.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தப் பிழை இரண்டு இடங்களில் அடிக்கடி எதிர்ப்படும்: பொறியியல் கல்லூரிகளின் கணினி ஆய்வகங்கள், சிவகாசி அச்சகங்களின் டிசைன் அறைகள். 1923 முதல் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலும் அதைத் தொடர்ந்த பட்டாசுத் தொழிலும் லேபிள் கேட்டன. அந்தத் தேவையிலிருந்தே இங்கு அச்சுத்தொழில் வளர்ந்தது. இன்று லேபிளும் காலண்டரும் முதலில் கணினிக் கோப்பாகவே உருவாகின்றன. ஆகவே நிரல் திறக்காவிட்டால் பிளேட் போட முடியாது. மெஷின் காத்துக் கிடக்கும்.

நிரலகமும் பாதையும்

பல நிரல்களுக்கும் பொதுவான வேலைகளை ஒரே இடத்தில் எழுதி வைத்த தொகுப்பு நிரலகம். ஒவ்வொரு நிரலும் அதைத் தன்னுள் சுமக்காமல், இயங்கும் நேரத்தில் எடுத்துக்கொள்கிறது. விண்டோசில் இவை ‘டிஎல்எல்’ கோப்புகள். 1985இல் வந்த முதல் விண்டோசிலேயே இந்த ஏற்பாடு உண்டு. லினக்சில் இவை ‘எஸ்ஓ’ கோப்புகள்.

எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்வது பாதை. சூழல் மாறி என்பது நிரல்கள் படித்துக்கொள்ள இயங்குதளம் பெயரிட்டு வைத்திருக்கும் அமைப்பு. ‘பாத்’ என்ற சூழல் மாறியில் அடைவுகளின் (ஃபோல்டர்களின்) பெயர்கள் வரிசையாக இருக்கும். கட்டளையைத் தட்டச்சு செய்ததும் கணினி அவற்றை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போகும். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். பழைய பதிப்பு முன்னால் நின்றால், புதிதாக நிறுவியது கண்ணில் படாது.

தேடும் வரிசை

லினக்சில் நிரலகங்களைத் தேடி இணைப்பது ஏற்றி எனப்படும் சிறு நிரல். பொதுவாக அது ‘எல்டி லைப்ரரி பாத்’ என்ற சூழல் மாறியிலுள்ள அடைவுகளையும், நிரலுக்குள்ளேயே பொறிக்கப்பட்ட பாதையையும் பார்க்கும். பின்பு ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளை தயாரித்து வைத்த பட்டியலையும், கடைசியாக இயங்குதளத்தின் வழக்கமான நிரலக அடைவுகளையும் பார்க்கும். விண்டோஸ் பொதுவாக நிரல் இருக்கும் அடைவில் தொடங்கி, இயங்குதள அடைவுகளைக் கடந்து, கடைசியில்தான் ‘பாத்’ மாறிக்கு வரும்.

பைதான் நிரல்மொழிக்குத் தனிப்பட்டியல் உண்டு, ‘சிஸ்.பாத்’ என்று அச்சிட்டுப் பார்த்தால் அது தெரியும். ஒரே கணினியில் இரண்டு பைதான் இருந்து, தொகுப்பை ஒன்றில் நிறுவி, நிரலை மற்றொன்றில் ஓட்டுவது மாணவர்களிடம் இந்தப் பிழைக்கு மிகுதியாகக் காணப்படும் காரணம். தொகுப்புகளை நிறுவும் ‘பிப்’ கட்டளையைத் தனியாக அழைக்காமல், நிரலை ஓட்டும் அதே பைதான் வழியாக அழைத்தால் இந்தக் குழப்பம் நீங்கும்.

அச்சகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அதற்கு முந்தைய வாரங்களில் டிசைன் அறையில் வேலை குவியும். அச்சுக்குப் போகும் பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளைக் கையாள 1988இல் வெளிவந்த கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் உலகெங்கும் பயன்படுகிறது. வேறு பல மென்பொருள்களும் திரைமறைவில் இதையே அழைக்கின்றன.

ஒரு கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் 9.26ஐ நீக்கிவிட்டு 9.52ஐ நிறுவுகிறார்கள் என்று கொள்வோம். பழைய பதிப்புக்காக முன்பு அமைத்த ‘ஜிஎஸ் லிப்’ என்ற சூழல் மாறியையும், அது சுட்டும் அடைவையும் யாரும் நீக்கவில்லை. புது நிரல் எழுந்ததும் அந்த மாறி காட்டும் பழைய அடைவுக்குப் போய், அங்கிருந்த தொடக்கக் கோப்பை எடுக்கிறது. 952 என்ற தன் எண்ணும் 926 என்ற கோப்பின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. எத்தனை முறை மீண்டும் நிறுவினாலும் இதே செய்திதான் வரும், ஏனென்றால் மாறி அப்படியே இருக்கிறது. நிரலின் உதவிக் கட்டளையை ஓட்டினால் கடைசி வரிகளில் அது தேடும் அடைவுகளின் பட்டியல் அச்சாகும். பழைய அடைவின் பெயர் அதில் முன்னால் நிற்பதைக் காணலாம். மாறியை நீக்கிவிட்டு முனையத்தை மூடித் திறந்தால் வேலை முடிந்தது.

கண்டறியும் முறை

முதலில் பிழைச்செய்தியை முழுவதும் படித்து, அதிலுள்ள கோப்பின் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று கேள்விகள்.

கோப்பு இருக்கிறதா? லினக்சில் ‘எல்டிடி’ கட்டளை ஒரு நிரலுக்கு வேண்டிய நிரலகங்களைப் பட்டியலிட்டு, கிடைக்காதவற்றுக்கு எதிரே ‘நாட் ஃபவுண்ட்’ என்று காட்டும். நம்பகமற்ற நிரலின் மீது இதை ஓட்டக்கூடாது. சில சூழல்களில் அந்த நிரலே இயங்கிவிடக்கூடும்.

நிரல் அங்கே தேடுகிறதா? விண்டோசில் ‘வேர்’, லினக்சில் ‘விச்’ கட்டளை எந்த அடைவிலுள்ள நிரல் எடுக்கப்படுகிறது என்று சொல்லும். லினக்சில் புது நிரலகத்தை ‘எல்டிகான்ஃபிக்’ பட்டியலிடும் வேறோர் அடைவில் வைத்தபின் அந்தக் கட்டளையை ஓட்டத் தவறினால், கோப்பு இருந்தும் ஏற்றிக்குத் தெரியாமல் போகலாம். விண்டோசில் அடைவுப் பெயருக்குள் இடைவெளி இருந்தால், கட்டளையில் அந்தப் பாதையை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும்.

கோப்பு பொருந்துகிறதா? 64 பிட் நிரல் 32 பிட் நிரலகத்தை ஏற்காது. 64 பிட் விண்டோசில் ‘சிஸ்டம்32’ என்ற அடைவில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் ‘சிஸ்வாவ்64’ என்ற அடைவில் இருக்கின்றன. பெயரை நம்பி இடம் மாற்றி வைப்பவர்கள் பலர்.

தவிர்க்க வேண்டியவை

காணாமல் போன டிஎல்எல் கோப்பை இணையத்தில் தேடி, கண்ட தளத்திலிருந்து இறக்கி இயங்குதள அடைவில் போடுவது மிக ஆபத்தான பழக்கம். அதோடு தீம்பொருளும் உள்ளே வரலாம். பதிப்பு மாறி வேறு நிரல்களும் நின்றுபோகலாம். கோப்பை அதன் உரிய நிறுவல் தொகுப்பிலிருந்தே பெற வேண்டும்.

‘எல்டி லைப்ரரி பாத்’ மாறியைக் கணினி முழுவதற்கும் நிரந்தரமாக அமைப்பதும் தவறு. ஒரு நிரலுக்காக வைத்த பாதை மற்ற நிரல்களையும் தவறான நிரலகத்துக்கு இழுத்துச் செல்லும். தேவைப்படும் நிரலை ஓட்டும் கட்டளைக்கு மட்டும் அதை அமைப்பதே முறை. பைதானில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மெய்நிகர் சூழல் அமைத்தால், ஒன்றின் தொகுப்புகள் மற்றொன்றோடு மோதா.

எந்தச் சூழல் மாறியை, எந்த நாளில், எதற்காக மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி அந்தக் கணினியின் பக்கத்திலேயே வையுங்கள். ஆடி மாத நெருக்கடியில் அந்த இருக்கையில் உட்காரப்போவது வேறொருவராக இருக்கலாம். அவருக்கு அந்த ஒரு வரி அரைநாளை மிச்சப்படுத்தும்.