கேரவன் குளிர்சாதனப் பெட்டி: மைசூரு வழிப் பயணத்தில் ஒரு நாள் செலவு 3 ரூபாயா, 65 ரூபாயா?

மைசூரு: மைசூருவிலிருந்து உதகைக்கும் வயநாட்டுக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலைகள் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கின்றன. வன விலங்குகளின் பாதுகாப்புக்காக 2009-ஆம் ஆண்டு முதல் இச்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. அதனால் தாமதமாக வந்து சேரும் வாகனங்கள் மைசூருவிலோ, சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குண்டலுப்பேட்டையிலோ இரவைக் கழிக்க வேண்டியுள்ளது.

மோட்டார்ஹோம் எனப்படும் கேரவன் வாகனங்களில் குடும்பத்துடன் பயணம் செய்வோருக்கு இந்த 9 மணி நேரம் ஒரு சோதனை. இயந்திரம் நிறுத்தப்பட்ட பின், பால், மீன், இன்சுலின் ஆகியவற்றைக் காக்கும் குளிர்சாதனப் பெட்டி முழுவதும் பேட்டரியை நம்பியே இயங்குகிறது. எந்த வகைப் பெட்டி, எந்த வழியில் மின்சாரம் என்ற இரண்டுமே அதன் செலவைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் இரண்டாவதைப் பெரும்பாலானோர் கணக்கில் கொள்வதில்லை.

மூன்று வகைகள்

கம்ப்ரசர் வகை: வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்திலேயே இயங்குவது. 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் வேலை செய்யும். சுமார் 50 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி, கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் ஏறத்தாழ 45 வாட் எடுத்துக்கொள்ளும். மிதமான வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்கு நேரமே கம்ப்ரசர் ஓடுவதால், ஒரு நாள் பயன்பாடு 0.36 யூனிட் அளவில் அமையும். வெயில் 35 டிகிரி செல்சியஸை நெருங்கும் ஏப்ரல் மாதப் பகல்களில் இது பாதி நேரமாக உயர்ந்து, 0.54 யூனிட் வரை செல்லலாம்.

உறிஞ்சு வகை: அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவற்றைக் கொண்டு, வெப்பத்தின் மூலமாகவே குளிரூட்டுவது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகியோர் 1922-இல் இதனை உருவாக்கினர். எரிவாயு, 12 வோல்ட் பேட்டரி, வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றிலும் இயங்கக்கூடியது, சத்தமில்லாதது. ஆனால், மின்சாரத்தில் இயங்கும்போது சுமார் 120 வாட் அளவை ஏறக்குறைய இடைவிடாமல் எடுத்துக்கொள்ளும். எரிவாயுவில் இயங்கினால் நாளொன்றுக்கு 300 முதல் 400 கிராம் வரை செலவாகும்.

வெப்பமின் வகை: 1834-இல் பிரெஞ்சு அறிவியலாளர் பெல்ட்டியே கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்கும் சிறு பெட்டி. விலை குறைவு. எனினும், சுற்றுப்புறத்தைவிட சுமார் 20 டிகிரி அளவுக்கே குளிர்விக்கும். வெளியே 35 டிகிரி இருந்தால் உள்ளே 15 டிகிரிதான். உணவைப் பாதுகாக்க 5 டிகிரிக்குக் கீழும், திறக்கப்படாத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரையும் தேவை என்பதால், கோடைப் பயணத்துக்கு இது உகந்ததல்ல. மேலும், 48 வாட் திறனுள்ள பெட்டி நாள் முழுவதும் இயங்கினால் 1.15 யூனிட் செலவாகும். குறைவாகக் குளிர்வித்தும், கம்ப்ரசர் வகையைவிட இரு மடங்குக்கு மேல் மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

ஒரே பெட்டி, வெவ்வேறு செலவு

நாளொன்றுக்கு 0.36 யூனிட் எடுக்கும் கம்ப்ரசர் பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். விலைகள் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுபவை. கணக்கின் வசதிக்காக மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய், டீசல் லிட்டருக்கு 90 ரூபாய் எனக் கொள்ளப்படுகிறது.

தங்குமிடத்தின் மின் இணைப்பில் இயக்கினால் ஒரு நாள் செலவு சுமார் 3 ரூபாய்.

வாகனம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் வழியாகப் பெறப்படும் மின்சாரம் இலவசமானதன்று. இயந்திரத்திலும் ஆல்டர்னேட்டரிலும் ஏற்படும் இழப்புகளைக் கழித்தால், ஒரு லிட்டர் டீசலிலிருந்து 1.8 யூனிட் அளவே கிடைக்கும். அதாவது, யூனிட்டுக்கு 50 ரூபாய். நாளொன்றுக்கு 18 ரூபாய்.

நின்ற வாகனத்தில், பேட்டரியை மின்னேற்றுவதற்காக மட்டும் இயந்திரத்தை ஓடவிடுவது மிக அதிகச் செலவு பிடிக்கும் வழி. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் டீசல் எரிந்து அரை யூனிட் கிடைப்பதாகக் கொண்டால், யூனிட்டுக்கு 180 ரூபாய் ஆகிறது. அதே பெட்டியின் ஒரு நாள் செலவு 65 ரூபாயாகிவிடும். புகையும் இரைச்சலும் தனி.

உறிஞ்சு வகைப் பெட்டியில், வணிக எரிவாயு கிலோவுக்கு 100 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 30 முதல் 40 ரூபாய் வரை செலவாகும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது விதிகளுக்குப் புறம்பானது.

பேட்டரியின் தேய்மானம்

இரவில் பயன்படும் மின்சாரத்துக்கு மற்றொரு விலையும் உண்டு. 100 ஆம்பியர்-மணி திறனுள்ள ஈய-அமில பேட்டரியில் பாதியளவையே பயன்படுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. அது ஒருமுறைக்கு 0.6 யூனிட். 12,000 ரூபாய் பேட்டரி இவ்வாறு 500 முறை பயன்பட்டால், தேய்மானம் மட்டும் யூனிட்டுக்கு 40 ரூபாய். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் விலை பன்மடங்கு அதிகம் என்றாலும், 80 சதவீதம் வரை பயன்படுத்த இயல்வதாலும், பல மடங்கு முறை மின்னேற்ற முடிவதாலும், அடிக்கடி பயணம் செய்வோருக்கு யூனிட் கணக்கில் மலிவாகவே அமையும்.

9 மணி நேர இரவுக்கு எவ்வளவு தேவை? கம்ப்ரசர் வகைக்கு 11 முதல் 17 ஆம்பியர்-மணி போதும். வெப்பமின் வகைக்கு 36 ஆம்பியர்-மணி தேவை. உறிஞ்சு வகையைப் பேட்டரியில் இயக்கினால் 90 ஆம்பியர்-மணி, அதாவது 100 ஆம்பியர்-மணி பேட்டரி முழுவதுமே ஓர் இரவில் தீர்ந்துவிடும். வாகனத்தை இயக்கும் பேட்டரியும் வீட்டுப் பயன்பாட்டுக்கான பேட்டரியும் பிரிக்கப்படாத வாகனமாக இருப்பின், காலை 6 மணிக்குச் சோதனைச் சாவடி திறக்கும்போது வாகனமே கிளம்பாமல் போகலாம்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை இன்வெர்ட்டர் மூலம் பொருத்துவோரும் உள்ளனர். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் வரை எடுத்துக்கொள்வதால், நாளொன்றுக்கு 0.24 முதல் 0.48 யூனிட் வரை வீணாகும். இது ஒரு சிறு கம்ப்ரசர் பெட்டியின் முழுநாள் தேவைக்குச் சமம்.

சூரிய ஒளியும் மலைப்பாதையும்

மேற்கூரையில் 150 வாட் சூரிய மின்தகடு பொருத்தினால், தெளிவான வானமுள்ள நாளில் 0.45 யூனிட் அளவுக்குக் கிடைக்கும். மிதமான நாள்களில் கம்ப்ரசர் பெட்டிக்கு இது போதுமானது. மழைக்காலத்தில் மேகமூட்டமான நாள்களில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். தசராவைக் காண வருவோர் இதனை நினைவில் கொள்வது நல்லது. நிழலில் நிறுத்தினால் பெட்டியின் தேவை குறையும். ஆனால் தகட்டின் உற்பத்தியும் குறையும்.

மைசூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 1,000 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி குறைவதால், உறிஞ்சு வகைப் பெட்டியின் எரிவாயுச் சுடர் சீராக எரியாமல் போகலாம். சரிவான இடத்தில் நிறுத்தினாலும் இவ்வகையின் குளிரூட்டல் தடைபடும். எரிபொருள் நிலையத்துக்குள் நுழையுமுன் சுடரை அணைப்பதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்காதவாறு புகைபோக்கியைச் சரிபார்ப்பதும் கட்டாயம்.

செலவைக் குறைக்கும் வழிகள்

புறப்படுவதற்கு முந்தைய இரவே, வீட்டு மின்சாரத்தில் பெட்டியையும் உணவையும் குளிர்வித்துக்கொள்வது முதல் வழி. உறைந்த நீர்ப் புட்டிகளை வைத்தால் இரவில் கம்ப்ரசர் ஓடும் நேரம் குறையும். பெட்டியின் பின்புறம் காற்றோட்டத்துக்கு இடம் விடுவதும், கதவை அடிக்கடி திறக்காமல் இருப்பதும் பயன் தரும். இன்சுலின் உறைந்துவிடக் கூடாது என்பதால், அதனை உறைபனிப் புட்டிகளுக்கு அருகில் வைக்கக் கூடாது.

குளிர்பதனம் தேவைப்படாத உணவைத் தேர்ந்தெடுப்பது மற்றொரு வழி. இத்துறையில் மைசூருவுக்குத் தனி இடமுண்டு. 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1961-இல் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் என்ற பெயரில் அமைக்கப்பட்ட ஆய்வகமும் இந்நகரில்தான் உள்ளன. நீண்ட நாள் கெடாத சப்பாத்தியும், உறையிலிட்டு வெப்பமூட்டப்பட்ட தயார் உணவுகளும் படைவீரர்களுக்காக இந்த ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டன. இத்தகைய உணவுகள் பையில் இருந்தால், பெட்டியில் பாலுக்கும் மருந்துக்கும் மட்டும் இடம் ஒதுக்கலாம். சிறிய பெட்டி, சிறிய பேட்டரி என மொத்தச் செலவும் அதற்கேற்பக் குறையும்.