தொடாமலே கிருமி கொல்லும் கதை

ஆள் கை படாமல் கிருமியைக் கொல்லும் கருவிகள் இப்போது சந்தைக்கு வந்துவிட்டன. புற ஊதா விளக்கைச் சுமந்து திரியும் ரோபோ, புகை மாதிரி மருந்து கக்கும் இயந்திரம் என்று பல வகை. கொரோனா காலத்தில் பிறந்த புதுமை என்றே பலரும் நினைக்கிறார்கள். நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக முப்பது வருஷம் இருந்தவன் என்பதால் இதன் பூர்வீகம் எனக்குக் கொஞ்சம் தெரியும். இது நூற்றைம்பது வருஷக் கதை.

1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுப் பையனுக்கு, டாக்டர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காயம் அழுகினால் காலை எடுப்பார்கள், இல்லையேல் உயிர் போகும். பையனுக்கு ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. பிறகு லிஸ்டர் ஒரு படி மேலே போனார். காற்றில் கிருமி இருக்கிறதென்றால் காற்றையே கழுவலாமே என்று, 1870களில் அறுவை அறை முழுக்க கார்பாலிக்கைத் தெளிக்கும் கருவியை வைத்தார். டாக்டர்களின் கைகள் வெளுத்து மரத்துப்போயின, மூச்சு முட்டியது. காயத்துக்குக் கிருமி பெரும்பாலும் கையிலிருந்தும் கருவியிலிருந்தும்தான் வருகிறது என்பது மெல்லத் தெரிந்தது. லிஸ்டரே தெளிப்பானை ஒதுக்கினார். 1890ல் பெர்லின் மாநாட்டில், அதைச் சிபாரிசு செய்ததற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். பெரிய மனிதர்!

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1896ல் பம்பாயில் பிளேக் வந்தபோது தெருவையும் சாக்கடையையும் கடல்நீராலும் கார்பாலிக்காலும் கழுவினார்கள். வீடுகளுக்குள்ளும் மருந்து அடித்தார்கள். நோய் நிற்கவில்லை. 1898ல் கராச்சியில் ஆராய்ந்த பிரெஞ்சு டாக்டர் சைமண்ட், பிளேக்கைச் சுமப்பது எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி என்று கண்டுபிடித்தார். அரசாங்கம் சாக்கடையோடு போராடிக்கொண்டிருந்தது. தெள்ளுப்பூச்சி எலியோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

வெளிச்சத்தின் கதை வேறு. 1877ல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர், வெயிலில் வைத்த திரவத்தில் கிருமி வளரவில்லை என்று காட்டினார்கள். டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தி 1903ல் நோபல் பரிசு பெற்றார். சித்திரை வெயிலில் மெத்தை தலையணையைக் காயப்போட்ட நம் பாட்டிமார்களுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. 1930களில் அமெரிக்காவில் அறுவை அறைகளுக்கும் பள்ளி வகுப்புகளுக்கும் புற ஊதா விளக்குகள் வந்தன. இன்றைய விளக்குகளில் பெரும்பாலானவை 254 நானோமீட்டர் அளவுள்ள கதிரைத் தருகின்றன. சூரியனிலிருந்து வரும் அந்த வகைக் கதிரை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் அது தரைக்கு வருவதில்லை. அது கிருமியின் மரபுப்பொருளைச் சிதைக்கும்; நம் கண்ணையும் தோலையும்கூடப் பதம் பார்க்கும். ஆகவே ஆள் இல்லாத அறையில்தான் ஓட்ட வேண்டும். நிழல் விழுந்த இடத்திலும் தூசி படிந்த இடத்திலும் அது வேலை செய்யாது. 2020ல் ஊஹான் மருத்துவமனைகளுக்குப் போன ரோபோக்களும் ஃபின்சனின் டென்மார்க்கில் செய்தவைதான்.

அதே வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் திறந்தார்கள். உள்ளே நடந்தால் சில நொடி மருந்துச் சாரல். ஊரே பாராட்டியது, நாடெங்கும் அதைப் பார்த்துச் செய்தார்கள். சில நாட்களிலேயே தமிழகப் பொது சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. ஏப்ரல் 18ல் மத்திய அரசும், மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்லின. உடம்புக்குள் இருக்கும் வைரஸை சட்டை மேல் தெளித்த மருந்து என்ன செய்யும்? கண் எரிச்சலும் இருமலும்தான் மிச்சம். 2021ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், கிருமி பட்ட பொருளை ஒருமுறை தொட்டு கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000த்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்குச் சொன்னது. நோய் மூச்சுக்காற்றில் வந்துகொண்டிருந்தது, நாம் தார்ச்சாலைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தோம்.

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முக்கியஸ்தர் யாராவது வருகிறார் என்றால் சாலை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரைக் கோலப்பொடி மாதிரி தூவச் சொல்வார்கள். காய்ந்த மண்ணில் விழுந்த பவுடர் எந்தக் கிருமியையும் கொல்லாது. பார்ப்பவர் மனசுக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான். அதைத் தூவியவர்களின் விரல்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். லிஸ்டரின் டாக்டர்களுக்கு வெளுத்த மாதிரியே வெளுத்து, தோல் உரிந்திருக்கும். டாக்டர்களின் கை பெர்லின் மாநாடு வரை போய்ச் சேர்ந்தது. இவர்கள் கையைப் பற்றி எந்தக் கோப்பிலும் ஒரு வரி கிடையாது.

கருவி தப்பு என்று நான் சொல்லவில்லை. காலியான அறுவை அறையில், முதலில் துடைத்துவிட்டு விளக்கைப் போட்டால் நல்ல பலன் உண்டு. ஆனால் எந்தக் கடையிலோ மண்டபத்திலோ ‘தொடாமலே சுத்தம்’ என்று போர்டு பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நோய் எந்த வழியாக வருகிறது? இந்த மருந்தோ வெளிச்சமோ அந்த இடத்தில் போய் விழுகிறதா? தெளிக்கிறவருக்கு கையுறையும் முகக்கவசமும் கொடுத்தீர்களா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், சுத்தம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்றே அர்த்தம்.