மீட்சியின் வாக்குறுதியும் நிலத்தின் உரிமையும்: எபிரேயத் தீர்க்கதரிசன இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

எபிரேயத் தீர்க்கதரிசன நூல்களைப் பற்றி இருவகைக் கருத்துகள் நம்மிடையே வழங்கி வருகின்றன. சமய நோக்கினர், அவற்றிற் காணப்படும் மீட்சி வாக்குறுதிகளைக் காலங் கடந்தனவாகவும் எல்லா மாந்தர்க்கும் ஒரே தன்மையில் உரியனவாகவும் கொள்வர். முற்போக்காளருட் சிலரோ அவற்றை மக்களை மயக்கும் வெற்றுரைகள் என ஒதுக்கிவிடுவர். ஒன்றுக்கொன்று முரணானவையாகத் தோன்றினும் இவ்விரு நோக்குகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. வாக்குறுதி யாருக்கு அளிக்கப்பட்டது, அதனை நம்பியோர் எதனை எதிர்பார்த்தனர், அது நிறைவேறியபோது பயனடைந்தோர் யாவர் என்னும் வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை. கி.மு. 6ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் யூதாவை மையமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எரேமியா நூலின் 32ஆம் அதிகாரம் கூறும் நிகழ்ச்சியொன்றை முதலில் நோக்குவோம். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. வீழ்ச்சியை முன்னறிவித்த எரேமியா அரண்மனைக் காவல் முற்றத்திலே அடைபட்டிருக்கிறார். அந்நிலையில் அவருடைய சிறிய தந்தையின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தூரிலுள்ள தன் வயலை வாங்கும்படி கேட்கிறான். குலத்தின் நிலம் பிறர் கைக்குச் செல்லாதவாறு மீட்கும் உரிமையும் கடமையும் நெருங்கிய உறவினர்க்கு இருந்தன. எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதப்படுகிறது. முத்திரையிட்ட படியும் திறந்த படியும் மட்பாண்டத்துள் வைக்கப்படுகின்றன. வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் இந்நாட்டில் மீண்டும் கொள்ளப்படும் என்பதே அச்செயலுக்குத் தரப்படும் விளக்கம்.

நம்பிக்கை இங்கு வெறும் மனநிலையாக நிற்கவில்லை. வெள்ளி, சாட்சி, முத்திரை, உறுதி என்னும் பொருளியல் வடிவத்தை அது பெறுகிறது. எருசலேமில் 1982ஆம் ஆண்டு யிகால் ஷீலோவின் தலைமையில் நடைபெற்ற அகழாய்வில், அந்நகரை எரித்த தீயினால் இறுகிப்போன களிமண் முத்திரைப் பதிவுகள் ஐம்பது வரை கிடைத்தன. அவை கட்டியிருந்த ஆவணங்கள் எரிந்தொழிய, முத்திரைகள் மட்டுமே எஞ்சின. எரேமியாவின் மட்பாண்டம் எத்தகைய அழிவினை எதிர்நோக்கி வைக்கப்பட்டது என்பதை இச்சான்று நன்கு உணர்த்துகின்றது.

ஆயினும் நிலம் வாங்கும் வசதியுடைய ஆசாரியக் குடும்பத்தவர் ஒருவரின் செயலே அது என்பதை மறத்தலாகாது. அதே நூலின் 34ஆம் அதிகாரம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. முற்றுகையின் நெருக்கடியிலே, எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக எருசலேமின் உடைமையாளர் உடன்படிக்கை செய்தனர். பின்னர் விடுவித்தோரையே மீண்டும் அடிமைப்படுத்தினர். மீட்சியை அறிவித்த அதே தீர்க்கதரிசி இச்செயலை மிகக் கடுமையாகக் கண்டித்தார். கடவுளின் வாக்கை எதிர்பார்த்திருந்த ஒரு வர்க்கம் தன் வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

எருசலேம் கி.மு. 587 அளவில் வீழ்ந்தது. அரச குடும்பத்தினர், அதிகாரிகள், ஆசாரியர், கைவினைஞர் எனப் பலர் இரு கட்டங்களிலும் சிறைப்பட்டுச் சென்றனர். எஞ்சியோருட் சொத்தற்ற ஏழைகளுக்குப் பாபிலோனியத் தளபதி வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வழங்கினான் என எரேமியா நூலின் 39ஆம் அதிகாரம் கூறும். வரியும் விளைச்சலும் தடையின்றி வரவேண்டும் என்பதே பேரரசின் கருத்தாயிருந்திருக்கலாம். எனினும், நாட்டின் பேரழிவு எனப்பட்ட அதே ஆண்டு, நிலமற்றோர் சிலர்க்கு முதன்முறையாக நிலம் கிடைத்த ஆண்டாகவும் அமைந்தது. மீட்சி என்னும் சொல் இவர்கள் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்?

இம்முரண்பாடு எசேக்கியேல் நூலில் வெளிப்படையாகவே இடம்பெறுகின்றது. சிறைப்பட்டோர் தொலைவிற் போய்விட்டனர், நிலம் நமக்கே உரியது என நாட்டிலிருந்தோர் கூறியதாகவும், அக்கூற்றைத் தீர்க்கதரிசி மறுத்ததாகவும் அந்நூல் தெரிவிக்கின்றது. எசேக்கியேல், முதற் சிறையிருப்பிலே கொண்டுசெல்லப்பட்ட ஆசாரியர். அவர் உரைத்த மீட்சி, சென்றோர் திரும்பித் தம் நிலத்தைப் பெறும் மீட்சியாகவே அமைந்தது.

பாபிலோனிலும் எல்லோரும் ஒரே நிலையில் வாழவில்லை. அங்கு கிடைத்த ஆப்பெழுத்து ஏடுகளுள், கி.மு. 572 முதல் ‘யூதாவின் ஊர்’ எனப் பெயர் பெற்ற குடியிருப்புப் பற்றிய ஆவணங்கள் உள. 2014இல் இவற்றுட் பெரும்பகுதி நூலுருப் பெற்றது. அரசுக்குரிய நிலத்தை உழுது, வரியும் சேவையும் செலுத்திய யூதக் குடியானவர்களை அவற்றிற் காண்கிறோம். ஏசாயா நூலின் 40 முதல் 55 வரையான அதிகாரங்கள், ஆறுதலும் எதிர்பார்ப்பும் செறிந்த மொழியில், பாரசீக மன்னன் கோரேசை யாவேயின் அபிஷேகம் பெற்றவனாகப் போற்றுகின்றன. 1879இல் பாபிலோனிற் கண்டெடுக்கப்பட்ட கோரேசின் களிமண் உருளையோ, அவனைத் தெரிந்தெடுத்தவன் மார்துக் என்னும் தெய்வமே என்கிறது; யூதாவை அது குறிப்பிடவேயில்லை. ஒரு பேரரசுக் கொள்கைக்கு ஒவ்வொரு மக்களும் தத்தம் தெய்வத்தின் பெயரால் விளக்கம் கண்டனர் எனலாம்.

கி.மு. 515 அளவில் ஆலயம் மீண்டும் கட்டிமுடிக்கப்பட்டது. வாக்குறுதி நிறைவேறியதாகக் கொள்ளத்தக்க அந்நிலையின் பின்னர் என்ன நிகழ்ந்தது என்பதை நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரம் கூறுகின்றது. தானியத்திற்காக வயல்களும் வீடுகளும் அடகு வைக்கப்பட்டன. மன்னனின் வரியைச் செலுத்தக் கடன் வாங்கப்பட்டது. புதல்வரும் புதல்வியரும் அடிமைகளாயினர். கடன் கொடுத்தோர் அந்நியரல்லர். தம் சகோதரரே எனப் பாதிக்கப்பட்டோர் முறையிட்டனர். பெண்களும் அம்முறையீட்டிற் சேர்ந்திருந்தமை குறிப்பிடத்தக்கது. ஆளுநரான நெகேமியா, தாமும் தம்மவரும் கடன் கொடுத்திருந்ததை ஒப்புக்கொண்டு, நிலங்களைத் திருப்பித் தருமாறு உடைமையாளரை வற்புறுத்தினார். எரேமியா கண்டித்த அடிமைமுறை, மீட்கப்பட்ட சமுதாயத்தினுள்ளேயே மீண்டும் தலைதூக்கியிருந்தது.

எனினும் மக்கள் வாக்குறுதியைக் கைவிட்டனரல்லர். அதன் உள்ளடக்கத்தை மாற்றினர். நாடு திரும்பியோர் காலத்தைச் சேர்ந்ததாகப் பல ஆய்வாளர் கருதும் ஏசாயா 65ஆம் அதிகாரம் இவ்வகையில் முக்கியமானது. கட்டியவரே வீட்டிற் குடியிருப்பர், நட்டவரே கனியை உண்பர், ஒருவர் உழைப்பை மற்றொருவர் துய்ப்பதில்லை என்பது அங்கு கூறப்படும் எதிர்காலம். எரேமியாவின் வாக்கில் நிலம் மீண்டும் விற்கவும் வாங்கவும் படுகிறது. இங்கோ உழைப்பின் பயன் உழைத்தவரிடமே தங்குகிறது. உறுதி எழுதும் உடைமையாளனின் நம்பிக்கைக்கும், கடனில் நிலமிழந்த குடியானவனின் நம்பிக்கைக்கும் இடையிலுள்ள தூரமே இது.

சமயத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்திற்கு எதிரான குரலாகவும் ஒருங்கே கண்டவர் மார்க்ஸ். அக்கூற்றின் முற்பகுதியை மட்டும் பற்றிக்கொண்டு பிற்பகுதியை மறந்தமை நம் ஆய்வாளர் சிலரின் தவறாகும். மீட்சியின் வாக்குறுதி ஒருபோதும் ஒரே பொருளைக் கொண்டிருக்கவில்லை. அதனை நம்பியோர் தத்தம் வாழ்நிலைக்கேற்ப அதிற் பொருள் கண்டனர். சிலர் அதனைக் கொண்டு இழந்த உடைமையைக் கோரினர், சிலர் உடைமை உறவுகளையே வினவினர். மட்பாண்டத்துட் பாதுகாக்கப்பட்ட உறுதியைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியன், உறுதியெழுத நிலமே இல்லாதிருந்தோரின் எதிர்பார்ப்பையும் எழுதக் கடமைப்பட்டவன்.