நோஷனில் எழுதினால் ஆப்பில் தானாக வருமா? கோடிங் தெரியாமலே இணைப்பது எப்படி? முழு விவரம்

வாட்ஸ்அப்பில் ஒரு கேக் ஆர்டர் வருது. அதை போனில் இருக்கும் நோட்ஸ் ஆப்பில் குறிச்சு வைக்கிறாங்க. அப்புறம் அதே விவரத்தை டெலிவரிக்குப் போறவருக்காக இன்னொரு இடத்தில் மறுபடியும் டைப் செய்யணும். ஒரு நாள் மறந்துட்டா? கேக் தயாரா இருக்கும், பிறந்தநாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், சர்வீஸ் சென்டர் நடத்துபவர்கள் எனப் பலருக்கும் இந்த 'ரெண்டு தடவை எழுதும்' தொல்லை இருக்கு. ஆட்டோமேஷன் மூலம் இதைக் குறைக்கலாம். கோடிங் தேவையில்லை. ஆனால், கவனிக்காமல் விட்டால் இலவச வரம்பு பத்தே நாளில் தீர்ந்துவிடும். வாடிக்கையாளரின் போன் நம்பரும் தேவையில்லாத இடங்களுக்குப் போய்விடும். எப்படிச் செய்வது, எங்கே உஷாராக இருக்கணும்? பார்க்கலாம்.

மூன்று ஆப், மூன்று வேலை

முதலாவது, குறிப்பு எழுதும் இடம். இங்கே உதாரணத்துக்கு நோஷன். இரண்டாவது, கோடிங் இல்லாமல் ஆப் உருவாக்கும் தளம். இதற்கு ஆப்ஷீட். 2020-ல் கூகுள் வாங்கிய இந்தத் தளம், கூகுள் ஷீட்டில் இருக்கும் அட்டவணையை அப்படியே மொபைல் ஆப்பாக மாற்றித் தரும். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் தகவலைச் சுமந்து போகும் ஆட்டோமேஷன் தளம். மேக், ஜேப்பியர் இரண்டும் இதில் பிரபலமானவை. முன்பு இன்டெக்ரோமேட் என்ற பெயரில் இருந்ததுதான் 2022 முதல் மேக்.

ஆட்டோமேஷனின் அடிப்படை ரொம்ப சிம்பிள். 'இது நடந்தால், அதைச் செய்'. நோஷனில் புது ஆர்டர் வந்தால், ஷீட்டில் ஒரு வரிசை சேர். அவ்வளவுதான்.

எல்லா நோட்ஸ் ஆப்பும் சரிப்படுமா?

சரிப்படாது. வெளியே இருந்து இன்னொரு மென்பொருள் உள்ளே வந்து தகவலை எடுக்க ஒரு வாசல் வேண்டும். அதற்குப் பெயர்தான் ஏபிஐ. நோஷன் இந்த வாசலை 2021 மே மாதம் எல்லோருக்கும் திறந்தது. கூகுள் கீப்பைப் பொறுத்தவரை, அதன் ஏபிஐ நிறுவனக் கணக்குகளுக்கு மட்டும்தான். சாதாரண ஜிமெயில் கணக்கில் கீப் வைத்திருப்பவர்கள் இந்த வழியில் இணைக்க முடியாது.

இணைப்பது எப்படி?

1. நோஷனில் வெறும் பக்கமாக எழுதாமல், டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்குங்க. பெயர், பொருள், தேதி, முகவரி, நிலை எனத் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். பத்தியாக எழுதிய குறிப்பிலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுப்பது ஆட்டோமேஷனுக்குக் கஷ்டம்.

2. கூகுள் ஷீட்டில் அதே தலைப்புகளுடன் ஓர் அட்டவணை போடுங்க. கூடவே 'ஐடி' என்று ஒரு கட்டம் அவசியம். நோஷனில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் உண்டு. அது இந்தக் கட்டத்தில் வரணும்.

3. மேக் தளத்தில் நோஷன், கூகுள் இரண்டு கணக்குகளையும் இணையுங்க. நோஷன் அனுமதி கேட்கும்போது, ஆர்டர் டேட்டாபேஸை மட்டும் தேர்வு செய்யுங்க.

4. நோஷன் பதிவுகளைக் கண்காணிக்கும் கட்டளையை முதலில் வையுங்க. அடுத்து, அந்த ஐடி ஷீட்டில் ஏற்கெனவே இருக்கா என்று தேடச் சொல்லுங்க. இருந்தால் திருத்தணும், இல்லாவிட்டால் புது வரிசை சேர்க்கணும். இந்தத் தேடலை விட்டுவிட்டால், ஒரே ஆர்டர் இரண்டு மூன்று முறை பதிவாகும். ஒரு கேக்குக்கு மூன்று டெலிவரி!

5. கூகுள் ஷீட்டின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஷீட்டைத் தேர்ந்தெடுத்து ஆப்பை உருவாக்குங்க. எந்தக் கட்டம் 'கீ' என்று கேட்கும் இடத்தில் ஐடி கட்டத்தைக் கொடுங்க. சோதனை நிலையில் 10 பேர் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

பாதி எழுதிய ஆர்டர் போய்விட்டால்?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். நோஷனில் பெயரை மட்டும் எழுதிவிட்டு முகவரி கேட்கப் போகிறீர்கள். அதற்குள் ஆட்டோமேஷன் பாதித் தகவலை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இதற்கு 'நிலை' கட்டம் கைகொடுக்கும். 'உறுதி' என்று மாற்றிய பதிவு மட்டும் போகட்டும் என்று மேக்கில் ஃபில்டர் போடலாம். அதே ஃபில்டரில் 'ரத்து' என்பதையும் சேர்க்க மறந்துடாதீங்க. இல்லையென்றால் ரத்தான ஆர்டர் ஆப்பில் உறுதியாகவே நிற்கும். நோஷனில் பதிவையே அழித்தாலும் இதே கதைதான். ஷீட்டில் இருக்கும் வரிசை தானாக அழியாது. அதனால் அழிக்க வேண்டாம், நிலையை மாற்றுங்க.

இலவச வரம்பு எத்தனை நாள் தாங்கும்?

மேக் இலவசத் திட்டத்தில் மாதம் 1,000 கிரெடிட் கிடைக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப் பதிவு இருக்கா என்று பார்க்கும்படி வைக்கலாம். ஆனால் எதுவும் இல்லாவிட்டாலும், எட்டிப் பார்த்ததற்கே ஒரு கிரெடிட் போய்விடும்.

ஒரு நாளைக்கு 96 முறை. பத்து நாளில் 960. பதினோராவது நாள் கிரெடிட் தீர்ந்து, ஆட்டோமேஷன் நின்றுவிடும்!

மணிக்கு ஒரு முறை என்று மாற்றினால் 30 நாளுக்கு 720 கிரெடிட். மிச்சம் 280. ஓர் ஆர்டரைத் தேட ஒன்று, பதிய ஒன்று என 2 கிரெடிட் போனால், சுமார் 140 ஆர்டர்களுக்குத் தாங்கும். பகலில் 12 மணி நேரம் மட்டும் ஓடும்படி வைத்தால் சுமார் 320 ஆர்டர் வரை போகலாம். அவசர ஆர்டர் வந்தால், மேக்கில் 'ரன் ஒன்ஸ்' பட்டனை அழுத்தி உடனே அனுப்பலாம்.

ஜேப்பியரில் கணக்கு வேறு. எட்டிப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, முடித்த வேலைக்குத்தான் கணக்கு. இலவசத்தில் மாதம் 100 வேலை. ஆனால் இரண்டே படிகள்தான் வைக்க முடியும் என்பதால், 'தேடு, பிறகு திருத்து' என்ற மூன்று படி வேலைக்குப் பணம் கட்டணும்.

சுழலில் மாட்டாதீங்க

டெலிவரி முடிந்ததும் அந்தத் தகவல் நோஷனுக்கும் திரும்பி வரணும் என்று ஆசைப்படுவது இயல்பு. அப்படி வைத்தால், நோஷனில் பதிவு மாறும். மாறியதைப் பார்த்து ஆட்டோமேஷன் மறுபடியும் ஷீட்டுக்கு ஓடும். ஷீட் மாறியது என்று திரும்ப நோஷனுக்கு வரும். இந்தச் சுழல் கிரெடிட்டை வேகமாகக் காலி செய்துவிடும்.

ஆரம்பத்தில் ஒருவழிப் பாதையே போதும். 'டெலிவரி ஆச்சு' என்பதை ஷீட்டில் தனிக் கட்டத்தில் வைத்து, மேக் அந்தக் கட்டத்தைத் தொடாதபடி பார்த்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

போன் நம்பர் யார் கையில்?

ஒரு வாடிக்கையாளரின் முகவரி இப்போது நோஷன், மேக், கூகுள் ஷீட், ஆப்ஷீட், டெலிவரி செய்பவரின் போன் என ஐந்து இடங்களுக்குப் போகிறது. தேவைக்கு மேல் தரவு சேகரிக்கக் கூடாது என்பது இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று.

எனவே, டெலிவரிக்குத் தேவையான கட்டங்களை மட்டும் அனுப்புங்க. வாங்கிய தொகை, பழைய பாக்கி போன்றவை நோஷனிலேயே இருக்கட்டும். ஆப்பில் கட்டத்தை மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. அனுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு. ஷீட்டை யாருக்கும் ஷேர் செய்யாமல், ஆப்பை மட்டும் கொடுத்தால் போதும். வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றைக்கே நீக்கிடுங்க.

சென்னையிலும் இருக்கு

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்திடம் நோட்புக், ஆப் உருவாக்கும் கிரியேட்டர், ஆட்டோமேஷனுக்கான ஃப்ளோ என மூன்று வகையும் உண்டு. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மேலே சொன்ன விஷயங்கள் பொருந்தும்.

யாருக்குத் தேவை?

நாளைக்கு இரண்டு மூன்று ஆர்டர், அதுவும் ஒருவரே எல்லா வேலையும் பார்க்கிறார் என்றால் நோட்டுப் புத்தகமே போதும். எழுதுபவர் ஒருவர், கொண்டு போய்க் கொடுப்பவர் இன்னொருவர் என்று ஆகும்போதுதான் இந்த இணைப்பு பயன் தரும்.

அப்படி ஆரம்பித்தாலும், முதல் இரண்டு வாரம் பழைய முறையையும் விடாமல் வைத்திருங்க. தினமும் இரவு நோஷனில் எத்தனை ஆர்டர், ஆப்பில் எத்தனை என்று எண்ணிப் பாருங்க. இரண்டும் தொடர்ந்து ஒத்துப்போனால், அதன் பிறகு நோட்டை மூடலாம்.